வெளிச்சம் வேற, வெளுப்பு வேற: நீலகிரியில் ஒரு ரிஃப்ளெக்டர் வரலாறு

டிஸ்கி: நான் ஒளிப்பதிவாளர் இல்லைங்க. வாரம் அஞ்சு நாள் பொட்டி தட்டி, ஆணி பிடுங்கி, மிச்ச ரெண்டு நாள்ல கேமராவைத் தூக்கிக்கிட்டு மலையேறுற சாதாரண ஆளு. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

ஊட்டி தாவரவியல் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பார்க், கேத்தி பக்கம் ஏதாவது ஒரு தேயிலைச் சரிவு. முகூர்த்த மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை இங்கெல்லாம் போனா ஒரு கோஷ்டி கண்டிப்பா கண்ணுல படும். மாப்பிள்ளை, பொண்ணு, கேமராக்காரர், நாலாவதா ஒரு பையன். அந்தப் பையன் கையில தாம்பாளம் மாதிரி வட்டமா, தகதகன்னு ஒரு தட்டு இருக்கும். சூரியன் எந்தப் பக்கம்னு பார்த்து, தட்டைச் சாய்ச்சு, அந்த வெளிச்சத்தைப் பொண்ணு முகத்துல கொண்டுபோய்ச் சேர்க்கிறது அவன் வேலை. ஆல்பத்துல அவன் இருக்க மாட்டான். ஆனா ஆல்பத்துல இருக்கிற எல்லா முகத்துலயும் அவன் கைவேலை இருக்கும்.

அந்தத் தட்டுக்குப் பேரு ரிஃப்ளெக்டர். விளக்கு இல்லை, பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. ஏற்கனவே இருக்கிற வெளிச்சத்தைத் திருப்பிப் போடுற சாமான், அவ்வளவுதான். இந்தச் சாதாரண சாமானுக்குப் பின்னாடி நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஒரு கதை ஓடுது. அதுல ஒரு கேள்வியும் ஒளிஞ்சிருக்கு: யார் முகத்துல வெளிச்சம், எதுக்காக? கறுப்பா இருக்கிற முகத்தைத் தெளிவாக் காட்டவா, வெளுப்பாக் காட்டவா? நம்ம ஊர் படச்சுருள் காலம் முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இழுபறி நடந்திருக்கு. அந்தக் கதையைச் சொல்ல நீலகிரியை விட வசதியான இடம் எனக்குத் தெரியலை.

மலை வெளிச்சத்தோட குணம்

ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காத்தழுத்தம் சென்னையில இருக்கிறதுல ஏறக்குறைய முக்கால் பங்குதான். காத்து மெலிசு, தூசி கம்மி. அதனால வெயில் அதிகம் சிதறாம நேரா வந்து இறங்கும். மேகம் இல்லாத பகல்ல முகத்துல வெயில் பட்ட பக்கம் பளீர்னு இருக்கும், நிழல் பக்கம் கிணறு மாதிரி இருண்டு கிடக்கும். புருவத்துக்குக் கீழே கண்ணே தெரியாது.

அஞ்சு நிமிஷம் கழிச்சு மூடுபனி இறங்கிடும். அப்போ கதை தலைகீழ். வானம் முழுக்க ஒரே வெள்ளைத் துணி கட்டின மாதிரி ஆகிடும். நிழலே இருக்காது. சினிமாக்காரங்க சட்டத்துல துணி கட்டி வெயிலை மிருதுவாக்குறதுக்கு ஸ்கிம்மர்னு சொல்வாங்க. நீலகிரியில அந்த ஸ்கிம்மரை மலையே கட்டிக் கொடுத்துடும். எப்போ கட்டும், எப்போ அவுக்கும்னு மட்டும் யாருக்கும் சொல்லாது :-)

மூணாவது ஒரு விஷயம் தேயிலைத் தோட்டத்துல நின்னு படம் எடுத்தவங்களுக்குத் தெரியும். இடுப்பளவு உயரத்துக்குச் சுத்தியும் பச்சை. வெயில் அந்த இலைகள் மேல பட்டுத் திரும்பி, நம்ம தாடைக்கும் கழுத்துக்கும் கீழே இருந்து பச்சையா ஏறும். அதாவது அந்தத் தோட்டமே ஒரு பெரிய பச்சை ரிஃப்ளெக்டர். நாம வேண்டாம்னாலும் அது வேலை செய்யும். அதை முறியடிக்க வெள்ளையாவோ வெள்ளி நிறத்துலயோ நம்ம ரிஃப்ளெக்டரைப் பக்கத்துல கொண்டு வரணும். மலையில இந்தத் தட்டு அலங்காரச் சாமான் இல்லைங்கிறதுக்கு இது போதும்.

கண்ணாடிக் கூரை காலம்

மின்விளக்கு வர்றதுக்கு முன்னாடியே ஊட்டியில போட்டோ ஸ்டூடியோ வந்தாச்சு. 1860கள்ல நிக்கலஸ் சகோதரர்கள் சென்னையிலயும் ஊட்டியிலயும் தொழில் நடத்தினாங்க. அவங்ககிட்ட வேலைக்குச் சேர 1865ல இங்கிலாந்துல இருந்து ஒரு பையன் வந்தான். ஆல்பர்ட் தாமஸ் வாட்சன் பென். 1875 வாக்குல ஊட்டியில சொந்த ஸ்டூடியோ போட்டு, 1911 வரைக்கும் இங்கேதான் இருந்தார். வெள்ளைக்காரக் குடும்பங்கள், வேட்டைக் கூட்டம், மலைக் காட்சிகள், தோடர், கோத்தர், படுகர்னு அவர் எடுத்தது ஏராளம். அவர் வம்சத்துல வந்த கிறிஸ்டோபர் பென் இந்தப் படங்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாவே போட்டிருக்கார்.

அந்தக் காலத்து ஸ்டூடியோவோட அமைப்பைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. உலகம் முழுக்க ஒரே மாதிரிதான். வெயில் நேரா விழாத பக்கமா கண்ணாடிக் கூரை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திரைச்சீலைகள். உட்கார்ந்திருக்கிறவரோட நிழல் பக்கத்துல ஒரு வெள்ளைத் திரை. அந்த வெள்ளைத் திரைதான் நம்ம தட்டோட கொள்ளுத்தாத்தா. அப்போ புழக்கத்துல இருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டுல ரசாயனம் பூசி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்துக் கழுவியாகணும். பல விநாடி அசையாம உட்காரணும். தலை ஆடாம இருக்கப் பின்னாடி ஒரு இரும்புக் கவ்வி வேற.

இங்கேதான் முதல் கோளாறு. ஈரக் கொலோடியனுக்கு நீலம், ஊதா பக்க வெளிச்சம்தான் தெரியும். சிவப்பு, மஞ்சள், பழுப்பு எல்லாம் அதுக்கு இருட்டு மாதிரி. நம்ம தோலோட நிறமோ பழுப்புல இருக்கு. ஆக மாநிறமா இருக்கிறவர் படத்துல கறுப்பா வருவார், கறுப்பா இருக்கிறவர் கரியா வருவார். அவர் போட்டிருக்கிற வெள்ளைத் துணி மட்டும் பளீர்னு வரும். நீலகிரியோட முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் (ஊட்டி பிரீக்ஸ் பள்ளி இவர் பேர்லதான்) மலைப் பழங்குடிகளைப் பத்தி எழுதின நூல், அவர் இறந்த பிறகு 1873ல படங்களோட வெளிவந்தது. இந்த மாதிரி அந்தக் காலத்துப் படங்களைப் பார்க்கும்போது ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கணும். அந்த முகங்கள் அவ்வளவு இருட்டா இல்லை. தகடு அவ்வளவுதான் பார்த்தது. படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆளோட பேரும் இருக்காது, இனத்தோட பேர் மட்டும்தான் இருக்கும். முகத்துல பாதி தகட்டுல போச்சு, மீதி குறிப்புல போச்சு.

வெள்ளைத் துணியில இருந்து ஜிகினாப் பலகைக்கு

தமிழ் சினிமாவோட ஆரம்பமும் ஒரு துணிதான். 1910களோட பிற்பகுதியில ஆர். நடராஜ முதலியார் சென்னை மில்லர்ஸ் ரோட்டுல ஒரு இடத்தைப் பிடிச்சு 'கீசக வதம்' மௌனப் படத்தை எடுத்தார். விளக்கு கிடையாது. மெல்லிய வெள்ளைத் துணியைக் கூரையா விரிச்சு, அதுல வடிகட்டி இறங்கின வெயில்லதான் நடிகர்கள் நடிச்சாங்க.

பேசும் படம் வந்ததும் சினிமா ஸ்டூடியோவுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. சத்தம் வரக்கூடாது, அதனால வெயிலும் வராது. பெரிய பெரிய விளக்குகள் வந்தது. மறுபடி வெளியே வந்தப்போ, அதுவும் கலர்ல வந்தப்போ, பழைய பிரச்சினை புது ரூபத்துல வந்து நின்னுச்சு. 1950கள்ல வந்த ஈஸ்ட்மேன் கலர் நெகட்டிவோட வேகம் 25தான். அந்தப் பத்தாண்டு முடியும்போது 50. 1968லதான் 100ஐத் தொட்டுச்சு. இன்னிக்கு நம்ம கேமராவுல 6400ஐச் சும்மா சுத்தி வெச்சு எடுக்கிறோம். வேகம் 25, 50 வெச்சுக்கிட்டு ஒரு மரத்தடியில கதாநாயகியை நிறுத்தினா முகம் இருட்டா போயிடும். வெளிச்சத்தைத் தள்ளிவிட்டே ஆகணும்.

ஜெனரேட்டர் வண்டியை எல்லா மலைப்பாதையிலயும் ஏத்த முடியாது. ஏத்தினாலும் டீசல் செலவு, சத்தம். சூரியன் இலவசம். அதனால பலகையில வெள்ளி நிற ஜிகினாத் தாளை ஒட்டி, கால் வெச்ச ஸ்டாண்டுல மாட்டி, மலைச்சரிவுல வரிசையா நிறுத்தினாங்க. பழைய வெளிப்புறப் பாட்டுக் காட்சிகளை இப்போ ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. சூரியன் ஜோடிக்குப் பின்னாடி இருக்கும், ஆனா முகமும் பளிச்சுன்னு இருக்கும். ஒரு மூக்குக்கு ரெண்டு நிழல். நாயகி கண்ணைச் சுருக்கிக்கிட்டே சிரிப்பாங்க. அது வெட்கம்னு நாம நினைச்சுப்போம். நாலு பலகை வெயில் ஒரே நேரத்துல கண்ணுல அடிச்சா யாருக்கும் அந்த வெட்கம் வரும் :-)

ஒவ்வொரு பலகைக்குப் பின்னாடியும் ஒரு லைட்மேன். சூரியன் நகர நகரப் பலகையைத் திருப்பணும். மேகம் வந்தா இறக்கணும், காத்து அடிச்சா உடம்பால தாங்கிப் பிடிக்கணும். ஊட்டிக் குளிர்ல காலையில அஞ்சு மணிக்கு அந்தக் கனமான பலகைகளைச் சரிவுல தூக்கிட்டு ஏறின ஆட்களோட பேர் டைட்டில்ல தனித்தனியா வந்ததில்லை.

கண்ணாடி ஒரு வழி, துணி ஒரு வழி

1950களோட ரெண்டாம் பாதியில, இந்தியாவோட ரெண்டு மூலையில ரெண்டு பேர் இந்தத் திருப்பிப் போடுற வித்தையை ரெண்டு எல்லைக்குக் கொண்டு போனாங்க. நீலகிரியை விட்டுக் கொஞ்சம் வெளியே போய் இவங்களைப் பார்த்துட்டு வரணும். மலைக்குத் திரும்பி வரும்போது இது தேவைப்படும்.

ஒருத்தர் மைசூர்க்காரர், வி.கே. மூர்த்தி. குரு தத்தோட 'காகஸ் கே ஃபூல்' (1959), இந்தியாவோட முதல் சினிமாஸ்கோப் படம். வெறிச்சோடின ஸ்டூடியோவுக்குள்ள மேலே இருந்து ஒரு தூண் மாதிரி வெளிச்சம் இறங்குற காட்சி அதுல ரொம்பப் பிரபலம். எந்த விளக்கு வெச்சும் அந்தக் கற்றை சரியா வரலை. மூர்த்தி ரெண்டு பெரிய கண்ணாடியை எடுத்தார். வெளியே வெயில்ல ஒண்ணு, உள்ளே உயரத்துல ஒண்ணு. சூரியனை முதல் கண்ணாடி ரெண்டாவதுக்கு அனுப்ப, அது தரைக்கு அனுப்பிச்சு. தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் இவர்தான், 2008ஆம் ஆண்டுக்கான விருது.

இன்னொருத்தர் கல்கத்தாவுல சுப்ரதோ மித்ரா. சத்யஜித் ராயோட 'பதேர் பாஞ்சாலி' ஆரம்பிச்சப்போ வயசு 21, அதுக்கு முன்னாடி சினிமா கேமராவை இயக்கினதே இல்லை. அடுத்த படம் 'அபராஜிதோ' (1956). காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள்ள போட வேண்டிய கட்டாயம். முற்றம்னா மேலே வானம் திறந்திருக்கும், வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவலா இறங்கும், நிழலே அவ்வளவா விழாது. ஸ்டூடியோ விளக்குகள் கொடுக்கிறதோ கத்தி மாதிரி நிழல். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழே இருந்து அந்தத் துணியைப் பார்த்துத் திருப்பி வெச்சார். முகத்துல விழுந்தது விளக்கோட வெளிச்சம் இல்லை, துணியோட வெளிச்சம். இன்னிக்கு உலகம் முழுக்க பவுன்ஸ் லைட்டுன்னு சொல்ற முறையோட முன்னோடிகள்ல அவர் முக்கியமானவர்.

நம்ம கேள்விக்குப் பதில் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு. கண்ணாடியும் ஜிகினாவும் வெளிச்சத்தை ஒரே திசையில மொத்தமா அனுப்பும். துணியும் வெள்ளை அட்டையும் அதை உடைச்சுப் பல திசைக்குப் பிரிச்சுக் கொடுக்கும். வெளுத்த தோல் மேல பட்ட வெளிச்சத்துல பெரும்பகுதியைத் தோலே சிதறடிச்சுத் திருப்பித் தரும். கறுத்த தோல் நிறைய உறிஞ்சிக்கும். அதோட வடிவம் நமக்குத் தெரியறது மேலே படியற மினுக்கத்துல. கன்னத்து எலும்பு, நெத்தி மேடு, மூக்குத் தண்டு எல்லாம் அந்த மினுக்கத்தால்தான் தெரியும். சின்ன, கூர்மையான வெளிச்சம் அடிச்சா அந்த மினுக்கம் எண்ணெய்ப் பொட்டு மாதிரி அங்கங்கே தெறிக்கும். பெரிய, மிருதுவான வெளிச்சம் பக்கத்துல வந்தா அதே மினுக்கம் விரிஞ்சு, முகத்தையே வரைஞ்சு காட்டும். ஆக, கறுப்பு முகத்துக்குத் தேவை இன்னும் அதிக வெளிச்சம் இல்லை, இன்னும் பெரிய வெளிச்சம். இதைப் புரிஞ்சுக்காதவங்க பவுடரைப் பூசி, ஜிகினாவை நேரா அடிச்சு, முகத்தையே வெளுத்துட்டாங்க.

படச்சுருளுக்கும் பாரபட்சம் உண்டு

தப்பு முழுக்க நம்ம ஆட்கள் மேல இல்லை. வெளிநாட்டு லேப்கள்ல கலர் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு பெண்ணோட படம் வெச்ச அட்டை இருக்கும். கோடாக் அட்டையில முதல்ல நின்ன பெண் பேரு ஷெர்லி, அதனால அப்புறம் வந்த எல்லா அட்டைக்கும் 'ஷெர்லி கார்டு'ன்னே பேர் நிலைச்சுடுச்சு. பல காலம் அதுல இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். அவங்க தோல் சரியா வந்தா படம் சரி. பழுப்பு சரியா வரலைன்னு கம்பெனிக்குப் போன புகார்கள்ல சாக்லேட் விளம்பரக்காரங்களும் மர ஃபர்னிச்சர் விக்கிறவங்களும் முக்கியம்னு இதை ஆராய்ச்சி செஞ்ச லோர்னா ரோத் எழுதியிருக்காங்க. மனுஷத் தோலை விட மேஜைக்கு முதல்ல நியாயம் கிடைச்சிருக்கு.

படச்சுருள் பேச்சு வந்ததும் ஊட்டிக்குத் திரும்பிடலாம். ஏன்னா அந்த மலையிலேயே படச்சுருள் தயாரிச்சாங்க. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960ல தொடங்கி 1967ல உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம். 'இந்து'ங்கிற பேர்ல கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமாவுக்கான பாசிட்டிவ் எல்லாம் இந்துநகர்ல இருந்து போச்சு. வெள்ளி உப்புப் பூச்சுக்கு ஆகாத தூசியும் வெப்பமும் அங்கே கம்மி. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை 1990கள்ல நலிஞ்சு, டிஜிட்டல் வந்ததும் எழுந்திருக்கவே முடியாம மூடிப் போச்சு. எங்க வீட்டுப் பரண்ல இன்னும் ஒரு பழைய எக்ஸ்ரே உறையில அந்தப் பேர் இருக்கு.

கேத்தி வானமும் பாலு மகேந்திராவும்

இப்போ இந்தப் பதிவோட நடு நாயகம். மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில ஒளிப்பதிவு படிச்சு வந்தவர் பாலு மகேந்திரா. முதல் படம் மலையாளத்துல 'நெல்லு' (1974). தமிழ்ல ஒளிப்பதிவு ஆரம்பிச்சது மகேந்திரனோட 'முள்ளும் மலரும்' (1978). 1982ல அவரே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செஞ்ச 'மூன்றாம் பிறை' வந்தது. கதை நடக்குற இடம் கேத்தி. கமலுக்குச் சிறந்த நடிகர், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவுன்னு ரெண்டு தேசிய விருது.

அந்தப் படத்தை நான் கதைக்காக ஒரு தடவை பார்த்தேன். வெளிச்சத்துக்காக அஞ்சாறு தடவை பார்த்தேன். ஜன்னல் ஓரம் இருந்தா ஜன்னல் பக்கக் கன்னம்தான் வெளிச்சமா இருக்கும், மறுபக்கம் மங்கும். மங்கினாலும் செத்துப் போகாது. கண்ணு தெரியும், உணர்ச்சி தெரியும். வெளிச்சம் எங்கே இருந்து வருதுன்னு கேட்டா அந்த அறையே பதில் சொல்லும். மேகம் மூடின கேத்தி வானத்தை அவர் தொந்தரவாப் பார்க்கலை. மித்ரா துணி கட்டி உண்டாக்கின வெளிச்சத்தை இந்த மலை சும்மா கொடுக்குது, வாங்கிக்கிட்டார். கேத்தி ரயில் நிலையத்துல மழையும் சேறுமா நடக்குற கடைசிக் காட்சியை நினைச்சுப் பாருங்க. ஜிகினா பளபளப்பு ஒரு துளி அதுல விழுந்திருந்தா அந்தக் காட்சி நம்மளை இப்படிப் பிழிஞ்சிருக்காது.

இன்னொண்ணு. அந்தப் படத்துல ஸ்ரீதேவி இருக்காங்க, தலைமை ஆசிரியரோட மனைவியா சில்க் ஸ்மிதா இருக்காங்க. ரெண்டு வேற வேற நிறம். என் கண்ணுக்கு ரெண்டு பேரும் அவங்கவங்க நிறத்துலதான் இருக்காங்க. அப்புறம் 'வீடு' (1988), 'சந்தியா ராகம்' (1989) ரெண்டுலயும் அர்ச்சனாவோட கறுப்பு முகத்தை அவர் ஒப்பனைப் பூச்சுல மறைக்கலை. ஜன்னல் பக்கம் திருப்பி நிக்க வெச்சார், அவ்வளவுதான். 'வீடு' அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. அந்த முகத்துல பட்டது வெளிச்சம், வெளுப்பு இல்லை. அவர் 2014 பிப்ரவரியில இறந்தப்போ தமிழ்ல நிறைய பேர் எழுதினது அவர் கதைகளைப் பத்தி. எனக்கு அந்த ஜன்னல்கள்தான் ஞாபகம் வந்தது.

அவருக்குப் பின்னாடி வந்தவங்களும் இதே மலையைத் தங்களோட பாணியில பயன்படுத்தினாங்க. பி.சி. ஸ்ரீராம் 'கீதாஞ்சலி'யில (1989, தமிழ்ல 'இதயத்தைத் திருடாதே') ஊட்டிப் பனியைப் பின்னாடி இருந்து ஒளியேத்திப் புகை மாதிரி காட்டினார். சந்தோஷ் சிவன் 'தில் சே' (1998, தமிழ்ல 'உயிரே') பாட்டுக்கு நீலகிரி மலை ரயில் கூரை மேலயே கேமராவை ஏத்தினார். 46 கிலோமீட்டர்ல 208 வளைவு இருக்கிற பாதை அது. ஒவ்வொரு வளைவுலயும் சூரியன் இடம் மாறும். முன்னாடி அடிச்ச வெயில் அடுத்த நிமிஷம் முதுகுல. அந்தக் கூரையில எந்தப் பலகையை எங்கே நிறுத்துவீங்க? ஒளிப்பதிவுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்கு வந்ததுல ஆச்சரியம் இல்லை.

மூணு வளையம்

பலகை எப்போ மடிஞ்சு பைக்குள்ள போச்சு? 1980கள்ல. மேலை நாட்டுல லாஸ்டோலைட் மாதிரி கம்பெனிகள் வில் மாதிரி வளையுற எஃகுப் பட்டையை வட்டமாக்கி, அதுல துணியை இழுத்துத் தைச்சு விக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு ஓரத்தைப் பிடிச்சு எதிரெதிரா ஒரு முறுக்கு முறுக்கினா வட்டம் தானா மூணு வளையமா சுருண்டுடும். எஞ்சினியரிங் படிச்ச நமக்குக் கணக்கு சுலபம்: பட்டையோட நீளம் மாறாது, மூணு சுத்து வந்தா ஒவ்வொண்ணோட விட்டமும் மூணுல ஒரு பங்கு. 110 செ.மீ. தட்டு 37 செ.மீ.க்குப் பக்கத்துல வந்துடும், பரப்பளவு ஒன்பதுல ஒண்ணு. மரம் அறுக்கிற மில்லுல பட்டை ரம்பத்தை இதே மாதிரி மூணு வளையமாத்தான் சுருட்டி வைப்பாங்க. கார் கண்ணாடிக்குப் போடுற வெயில் மறைப்பும் இதே வித்தைதான். வளையம் ஏன் இப்படி மடியுதுன்னு 2012ல 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வே வந்திருக்கு.

நாலு பேர் தூக்கின வேலை ஒருத்தர் தோள்பையில வந்தாச்சு. உறையைத் திருப்பி மாட்டினா அஞ்சு முகம்: வெள்ளி, தங்கம், வெள்ளை, கறுப்பு, நடுவுல வெளிச்சம் ஊடுருவுற துணி. கறுப்பு எதுக்குன்னு கேட்பீங்க. மூடுபனியில முகம் தட்டையாத் தெரியும்போது ஒரு பக்கம் கறுப்பைப் பிடிச்சா அந்தப் பக்க வெளிச்சத்தைக் குடிச்சுடும், முகத்துக்கு மேடு பள்ளம் வந்துடும். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இத்தனையும் கிடைக்குது.

ஆனா கல்யாண ஷூட்டிங்ல அஞ்சுல எந்தப் பக்கம் அதிகம் திறக்குதுன்னு பார்த்தா தங்கமும் வெள்ளியும்தான். 'பொண்ணு கொஞ்சம் மாநிறம், ஃபேரா வர்ற மாதிரி எடுங்க'ன்னு பெரியவங்க கேமராக்காரர் காதுல சொல்றதை நானே கேட்டிருக்கேன். தங்கத் தட்டுல வெளுக்காததைக் கம்ப்யூட்டர்ல வெளுத்துடுவாங்க. 1873 தகடு பழுப்பைக் கறுப்பாக்குச்சு. இன்னிக்குத் தட்டு பழுப்பை வெளுப்பாக்குது. ரெண்டுலயும் காணாமப் போனது அதே பழுப்பு.

போன வருஷம் நண்பன் ஒருத்தனோட நிச்சயதார்த்தப் படத்துக்குக் குன்னூர் பக்கம் ஒரு தோட்டத்துல நான்தான் தட்டுப் பிடிச்சேன். மலைக்காத்துல அது தட்டு இல்லை, பாய்மரம். பக்கத்துச் சரிவுல கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்த ஒரு அக்கா, இடுப்புல பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தாங்க, ரொம்ப நேரமாப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. இடைவேளையில கேட்டாங்க: "தம்பி, அந்தத் தட்டை எம்மேலயும் கொஞ்சம் காட்டுறியா?"

வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, கைக்கெட்டுற தூரத்துக்குக் கொண்டு போனேன். தாடைக்குக் கீழே ஏறியிருந்த பச்சை விலகுச்சு. நண்பன் அவங்க முகத்துக்கு அளவு வெச்சு ரெண்டு படம் எடுத்தான். கேமராத் திரையில காட்டினதும் உத்துப் பார்த்தாங்க. "சுருக்கமெல்லாம் தெரியுதே"ன்னு சிரிச்சாங்க. "அழிச்சுடவா அக்கா?"ன்னு அவன் கேட்டான். "அது எதுக்கு, இருக்கட்டும். எம்பொண்ணு போனுக்கு அனுப்பிவிடு"ன்னு நம்பரைச் சொல்லிட்டு, கூடையை முதுகுல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த மலையில எடுத்த ஆயிரக்கணக்கான சினிமாப் பாட்டுல கொழுந்து பறிக்கிறவங்க பின்னணியில வந்திருக்காங்க. பலகை எப்பவும் முன்னாடி ஆடுறவங்க பக்கம்தான் திரும்பியிருக்கும்.

பென் ஸ்டூடியோவோட வெள்ளைத் திரை, முதலியாரோட கூரைத் துணி, மித்ராவோட முற்றம், கேத்தி வானம், கையில மடியுற வட்டம். அடிப்படையில எல்லாம் ஒரே சாமான். அது எதையும் முடிவு பண்றதில்லை. பிடிக்கிற கைதான் முடிவு பண்ணுது. முகத்தை மாத்தணும்னு பிடிக்கலாம், முகம் தெரியணும்னும் பிடிக்கலாம். டிஜிட்டல்ல எவ்வளவு வசதி வந்தும், அந்தத் தேர்வை நமக்குப் பதிலா அது செய்யலை. செஞ்சா, வெளுக்குற பக்கம்தான் செய்யுது. உங்க போன்ல முகத்தை அழகாக்குற வசதியைத் தட்டிப் பாருங்க, தெரியும்.

கொசுறு: தட்டு வாங்கக் காசு செலவழிக்கணும்னு இல்லை. ஸ்டேஷனரி கடையில ஒரு தெர்மாகோல் அட்டை வாங்குங்க. காலையில ஒரு ஜன்னல் பக்கத்துல வீட்டுல யாரையாவது, முக்கியமா வீட்டுலயே கறுப்பான ஆளை, பக்கவாட்டுல உட்கார வைங்க. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் அட்டையை முதல்ல ஆறடி தள்ளி, அப்புறம் மூணடி, அப்புறம் ஒரு அடி தூரத்துல பிடிங்க. ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு படம். ஃப்ளாஷ் வேண்டாம், அழகாக்குற வசதி வேண்டாம். மூணு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அவங்ககிட்டயே காட்டி, எது நீங்கன்னு கேளுங்க.